ரேடியோ செட் கிடங்குகளில் இருக்கும் இசைத்தட்டுகள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஓசூரைச் சேர்ந்த அன்பர் ஒருவர், பெங்களூரிலும் சென்னையிலும் இருந்த பெரிய இசைக் கடைகள் மூடப்பட்ட பிறகு, ஒரு பாட்டைத் தட்டாகக் காசு கொடுத்து வாங்குவதற்கு நம் பக்கத்து மக்களுக்கு வழியே இல்லாமல் போய்விட்டது என்று வருந்தி எழுதியிருந்தார். அவருடைய வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் வழியே இல்லை என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கிளை நூலகராக வேலை பார்த்த காலத்திலிருந்தே கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இசைத்தட்டும் குறுந்தகடும் தேடித் தேடி வாங்கி வருபவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த இடங்களை அவருக்கும் மற்ற வாசகர்களுக்கும் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

மியூசிக் வேர்ல்டு என்ற தொடர் நிறுவனம் 2013-இல் தன் கடைகளை மூடியது. மும்பையில் பல தலைமுறைகள் பெயர் சொன்ன ரிதம் ஹவுஸ் 2016-இல் மூடப்பட்டது. இவை இழப்புகள்தாம். எனினும், கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள பெரிய தொடர் கடைகளில் இசை விற்ற காலம் நம் நாட்டில் மிகக் குறுகியது. இருபது ஆண்டுகள்கூட நீடித்ததாகச் சொல்ல முடியாது. அதற்கு முன்னால், 1908-இல் கல்கத்தாவில் இசைத்தட்டு அச்சடிக்கும் ஆலை வந்த காலம் தொட்டு, தட்டுகள் கடிகாரக் கடையிலும் சைக்கிள் கடையிலும் பல பொருள் விற்கும் கடையிலும்தான் விற்றன. பின்னாளில் படத்தயாரிப்பில் பெரும்பெயர் பெற்ற ஏ.வி. மெய்யப்பன், காரைக்குடியில் தம் குடும்பத்தாரின் ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில் இசைத்தட்டு விற்றுத்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தார். சென்னையில் அவர் பங்குதாரராக இருந்து நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் என்ற நிறுவனப் பெயரில் வந்த தட்டுகளை வெளியிட்டது. சிறிய கடைகளின் வழியாக ஊர் ஊராகப் பரவிய பொருளைப் பெரிய கடையில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று சொல்வது சரியாகாது என்பதே என் எண்ணம்.

அப்படியானால் நம் மாவட்டங்களில் தட்டுகள் எங்கே இருக்கின்றன? பெரும்பகுதி சவுண்ட் சர்வீஸ் நடத்தியவர்களின் கிடங்குகளிலும் பரண்களிலும் இருக்கிறது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அதற்கு 'ரேடியோ செட்' என்று பெயர். கல்யாணமோ, காதுகுத்தோ, மாரியம்மன் பண்டிகையோ, எதுவானாலும் ரேடியோ செட்காரர் முதல் நாள் சாயங்காலமே மாட்டு வண்டியிலோ சைக்கிளிலோ வந்து, வேப்பமரத்து உச்சியில் குழாயைக் கட்டிவிட்டுப் பந்தலின் ஒரு மூலையில் ரெக்கார்டு பெட்டியோடு உட்கார்ந்துவிடுவார். விடியற்காலையில் நாகசுரம் ஒலிக்க வேண்டும். பெரும்பாலும் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் அல்லது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தட்டு. அதன் பிறகு பக்திப் பாடல்கள். சீர்காழி கோவிந்தராஜன், டி.எம். சௌந்தரராஜன், கே.பி. சுந்தராம்பாள் ஆகியோர் பாடியவை. அவை முடிந்த பிறகுதான் சினிமாப் பாட்டு. இஸ்லாமியர் வீட்டுத் திருமணமானால் நாகூர் இ.எம். ஹனிபாவின் தட்டுகள் முதலில் சுழலும். ஓசூர், பாகலூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் தெலுங்கும் கன்னடமும் சேர்த்து வைத்திருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை அழைப்பு வராது. எல்லாச் சாதியாருக்கும் எல்லா மதத்தாருக்கும் பந்தலில் பாட்டுப் போட வேண்டியவர் என்பதால், ஒரு தனி ரசிகரிடம் இருக்க முடியாத அளவுக்கு விரிந்த சேகரிப்பு ஒரு சாதாரண ரேடியோ செட்காரரிடம் இருந்தது. எந்த நூலகமும் இவ்வளவு பொறுப்பாக ஒரு வட்டாரத்தின் காதுக்குத் தேவையானதை வாங்கி வைத்ததில்லை. நூலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

1980-களில் ஒலிநாடா வந்து பரவியபோது இந்தத் தட்டுகள் தகரப் பெட்டிகளுக்குள் போயின. ஒலிநாடாவுக்குப் பின் குறுந்தகடும், அதன் பின் பென் டிரைவும், இப்போது கைப்பேசியும் வந்துவிட்டன. தொழிலைத் தொடங்கியவர் மறைந்து, மகனோ பேரனோ பந்தல், நாற்காலி, மின்விளக்கு அலங்காரம் என்று அதே பெயரில் நடத்திக்கொண்டிருக்கும் கடைகள் நம் இரண்டு மாவட்டங்களிலும் இன்றும் ஏராளமாக உள்ளன. பெயர்ப்பலகையில் 'சவுண்ட் சர்வீஸ்' என்று இருந்து, கடையும் நாற்பது ஆண்டுக்கு மேல் பழையது என்றால், உள்ளே போய்க் கேட்கலாம். பாரூர் ஏரிப் பக்கத்தில் அப்படி ஒரு கடையில் நான் கேட்டபோது, உரிமையாளர் முதலில் இல்லை என்றுதான் சொன்னார். மூன்றாவது முறை போனபோது பரணில் இருந்து இரண்டு பெட்டிகளை இறக்கினார். ஒவ்வொரு தட்டின் நடுக்காகிதத்திலும் அவருடைய தந்தையார் தம் கையால் எண்ணும் ஊர்ப்பெயரும் எழுதியிருந்தார். அவற்றில் ஒன்றைப் போட்டுக் கேட்ட பிறகுதான் மற்றவற்றைத் தர மனம் வந்தது அவருக்கு. எனவே இந்த இடத்தில் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பேரம் பேசுகிற மனத்தோடு போகாதீர்கள். பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கொடுக்கும் விலையைச் சொல்லி அதையே நாமும் கொடுக்க முற்படுவது, ஒருவருடைய தந்தையின் தொழிலைத் தராசில் வைப்பதாகிவிடும்.

இந்தத் தட்டுகள் ஊர் ஊராகச் சுமந்து சென்று, புழுதியில் வைத்துச் சுழற்றப்பட்டவை என்பதால் எல்லாம் நல்ல நிலையில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வாங்குவதற்கு முன் உறையிலிருந்து எடுத்து, ஓரத்தையும் நடுவையும் மட்டும் தொட்டுப் பிடித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்க வேண்டும். மேலோட்டமான மயிர்க்கோடுகள் அவ்வளவாகக் கெடுதல் செய்யா. நகத்தை வைத்தால் தட்டுப்படுகிற கீறல் இருந்தால்தான் முள் தாவும், அல்லது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிற்கும். கீறலே இல்லாமல் மேற்பரப்பு மட்டும் சாம்பல் பூத்ததுபோல் ஒளியிழந்து இருந்தால், தேய்ந்த முள்ளால் பல நூறு முறை ஓடிய தட்டு என்று பொருள். அதில் பாட்டைவிட இரைச்சல் மிகுந்திருக்கும். தகரக் கூரையின் கீழ்க் கோடைக்காலம் முழுவதும் கிடந்தவை வளைந்திருக்கக் கூடும் என்பதால், ஒரு சமமான மேசை மேல் வைத்துக் கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது நல்லது. உறையில் ஒரு பெயரும் உள்ளே வேறொரு தட்டும் இருப்பது ரேடியோ செட் பெட்டிகளில் மிகச் சாதாரணம். இரவு இரண்டு மணிக்கு அரைத் தூக்கத்தில் மாற்றிப் போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவை அரக்கால் ஆனவை. கைதவறினால் பீங்கான்போல் உடைந்துவிடும். ஸ்பிரிட் கலந்த எதைக் கொண்டும் அவற்றைத் துடைக்கக் கூடாது, அரக்கு கரைந்து பாட்டோடு போய்விடும். பின்னால் வந்த வினைல் தட்டுக்குரிய முள் அவற்றின் அகலமான வரிகளுக்குப் பொருந்தாது. அதற்கென்று தடித்த முள் வேண்டும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் கொள்ளும் என்பதால், மணிக்கணக்கில் ஒரே இராகத்தை வாசித்த வித்துவான்கள்கூட அந்த மூன்று நிமிடத்துக்குள் சாரத்தை இறக்கி வைத்திருக்கிறார்கள். நீண்டு ஒலிக்கும் எல்.பி. தட்டு 1948-இல்தான் அமெரிக்காவில் வெளிவந்தது. அதற்கு முந்தைய நம் கலைஞர்கள் எல்லாரையும் இந்த அரக்குத் தட்டுகளின் வழியாகத்தான் நாம் கேட்க முடிகிறது. ஒரு பெட்டியில் பத்து அரக்குத் தட்டுகள் கண்ணில் பட்டால், எல்.பி.யையும், அதைவிடச் சிறிய இ.பி. தட்டையும் விட்டுவிட்டு முதலில் அவற்றை எடுங்கள் என்பேன்.

இரண்டாவது இடம், 'ரெக்கார்டிங் சென்டர்' என்றும் 'மியூசிக்கல்ஸ்' என்றும் பெயர் வைத்திருந்த கடைகள். தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால், 60 நிமிட, 90 நிமிட ஒலிநாடாவில் பதிந்து தந்த கடைகளை நாற்பது வயதைக் கடந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப் பதிந்து விற்பது பதிப்புரிமைச் சட்டப்படி சரியானதாக இருக்கவில்லை என்பது வேறு. ஆனால் பதிவதற்காக அவர்கள் வாங்கி வைத்திருந்த எக்கோ, இன்ரெக்கோ, எச்.எம்.வி. ஆகிய நிறுவனங்களின் எல்.பி. தட்டுகள் குளிர்ந்த அறையில், நல்ல முள்ளால், மிகக் கவனமாகக் கையாளப்பட்டவை. இளையராஜா இசையில் 1970-களின் இறுதியிலும் 80-களிலும் வந்த தட்டுகளைத் தேடுபவர்கள் ரேடியோ செட்டைவிட இங்கே விசாரிப்பதே நல்லது. இந்தக் கடைகள் இப்போது பெரும்பாலும் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைகளாகவோ ஜெராக்ஸ் கடைகளாகவோ மாறிவிட்டன. உரிமையாளர்கள் மட்டும் அதே ஆள்களாக இருக்கிறார்கள். விலை இங்கே கூடுதலாகவே இருக்கும், ஏனெனில் தம்மிடம் இருப்பதன் அருமை இவர்களுக்குத் தெரியும்.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும், குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் பழைய பொருள் பரப்பி விற்பவர்களிடம் எப்போதாவது தட்டு வரும். அதை நம்பிப் போக முடியாது. காய்கறி வாங்கப் போகும்போது ஒரு சுற்று பார்த்து வரலாம். பழைய இரும்புக் கடைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதில் பயன் அதிகம். தருமபுரியில் ஒருவர், கறுப்புத் தட்டு எது வந்தாலும் உடைக்காமல் எனக்காக எடுத்து வைக்கிறார்.

இனிக் குறுந்தகடு. பல வீடுகளில் அதைச் சுழற்றும் கருவி இன்னும் இருக்கிறது. ஒலியின் தெளிவிலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் நம் ஊர்க் கடைத்தெருவில் பல ஆண்டுகளாகச் 'சிடி' என்ற பெயரில் விற்றது நூறு, நூற்றைம்பது பாட்டுகளை நெருக்கி அடைத்த எம்பி3 தட்டுதான். உண்மையான இசைக் குறுந்தகட்டில் ஒரு நொடி ஒலிக்கு 1411 கிலோபிட் தகவல் இருக்கிறது. வழக்கமான எம்பி3-இல் 128 மட்டுமே, அதாவது பதினோரு பங்கில் ஒரு பங்கு. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் ஒலியும் தம்பூராவின் நீண்டு நிற்கும் கார்வையும் எங்கே போயின என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. வாங்கும்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஆலையில் அச்சடித்த அசல் தட்டு தூய வெள்ளி நிறத்தில் இருக்கும், உள்வளையத்தில் பொடி எழுத்தில் எண் காணப்படும். வீட்டுக் கணினியில் பதிந்தது பச்சையோ நீலமோ கலந்து தெரியும். அடிப்பக்கக் கீறலுக்குப் பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் பெயர் அச்சிட்ட மேற்பக்கத்தில் விழும் கீறல்தான் ஆபத்தானது, ஒளியைத் திருப்பும் மெல்லிய உலோகப் படலம் அந்தப் பக்கத்தில்தான் மேலாக இருக்கிறது.

அசல் குறுந்தகடுகளுக்கு நான் நம்பியிருப்பது சிறு வெளியீட்டாளர்களை. கர்நாடக இசைக்கென்றே சென்னையில் தோன்றிய சார்சூர், பழைய கச்சேரிகளைத் தேடி வெளியிட்ட சுவாதியின் சம்ஸ்கிருதி வரிசை போன்றவை பெரிய கடைகள் கண்டுகொள்ளாத வித்துவான்களையெல்லாம் தட்டில் ஏற்றின. மயிலாப்பூரில் கிரி டிரேடிங் கடையில் பக்தி இசையும் கர்நாடக இசையும் ஒருங்கே பார்க்கலாம். மார்கழியில் சென்னைக்குப் போக வாய்ப்புள்ளவர்கள் சபா வாசலில் போடப்படும் மேசைகளைத் தவறவிடக் கூடாது; பாடகரோ அவருடைய சீடரோ நேரில் விற்பதும் உண்டு, கொடுக்கும் பணம் பாடியவருக்கே போகும். அகில இந்திய வானொலியும் தன் சேமிப்பிலிருந்த பழைய பதிவுகளை 2003 முதல் ஆகாசவாணி சங்கீத் என்ற பெயரில் வெளியிட்டது. அவற்றுள் சில பழைய தட்டு விற்பவர்கள் வழியாக என் கைக்கு வந்துள்ளன.

நம் மண்ணுக்கே உரிய ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பென்னாகரம், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கங்களில் பாரதக் கூத்து நடக்கும் திடல்களில், விடிய விடிய ஆட்டம் நடக்கும்போதே ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து, அந்தக் குழுவின் பழைய ஆட்டங்களைப் பதிந்த தட்டுகளை விற்பார்கள். அச்சு சுமாராக இருக்கும், உறையில் ஆண்டு இருக்காது. ஆனாலும் முகவீணை என்ற சிறு ஊதுகருவியும் மிருதங்கமும் அடவுக்கு அடவு மாறி ஒலிப்பதை வேறு எந்தக் கடையிலும் எந்தச் செயலியிலும் வாங்க முடியாது. வாங்கிய அன்றே தட்டின் உறையில் ஊர், தேதி, கூத்து வாத்தியார் பெயர் ஆகியவற்றை எழுதி வைத்துவிடுங்கள். நான் தொடக்கத்தில் எழுதாமல் விட்ட பதினைந்து தட்டுகளில் யார் ஆடுகிறார் என்பது இன்று எனக்குத் தெரியவில்லை. அது என் தவறு, அதை நினைத்து இப்போதும் வருந்துகிறேன்.

வெளியூர் போக முடிந்தவர்களுக்கு, பெங்களூரில் சிக்பேட்டையை ஒட்டிய பி.வி.கே. ஐயங்கார் சாலையில் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை அருகில் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் கிளம்பினால் நல்ல தட்டுகள் பிறர் கைக்குப் போவதற்குள் சேரலாம். முள், பெல்ட் போன்ற உதிரிகளுக்கு அங்கே எஸ்.பி. சாலையிலும், சென்னையில் ரிச்சி தெருவிலும் விசாரிக்கலாம். இணையத்தில் வாங்குபவர்கள் இசைத்தட்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் தட்டின் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்; அனுப்புபவரிடம், தட்டை உள்ளுறையோடு வெளி அட்டை உறையிலிருந்து எடுத்து, இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்துக் கட்டச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு எழுதியதற்குக் காரணம் தேடுபவர்களுக்கு வழி சொல்வது மட்டுமன்று. கிடங்குகள் வேகமாகக் காலியாகின்றன. பேரப்பிள்ளைகள் வீட்டை இடித்துக் கட்டும்போது தகரப் பெட்டி முதலில் வெளியே போகிறது. தருமபுரியிலும் ஓசூரிலும் ஆண்டுதோறும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களில், பழைய இசைத்தட்டு வைத்திருப்பவரும் வாங்க விரும்புபவரும் சந்திக்கும்படி ஓர் அரங்கு ஒதுக்க முடியும். அதற்குப் பெரிய செலவு ஆகாது. நான்கு மேசைகள், ஒரு ரெக்கார்டு பிளேயர், முள் மாற்றத் தெரிந்த ஒருவர் போதும். மாவட்ட மைய நூலகங்களும், விற்க மனமில்லாமலும் வைத்துக் காக்க இடமில்லாமலும் தவிக்கும் குடும்பங்களிடமிருந்து தட்டுகளை நன்கொடையாகப் பெற்று, செங்குத்தாக அடுக்கி, பட்டியல் எழுதி வைக்கலாம். சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நூல்களோடு இசைத்தட்டுகளையும் சேர்த்துப் பாதுகாத்து வருகிறது. செய்ய முடிந்த வேலைதான் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். பட்டியல் எழுதும் வேலைக்கு ஊதியம் ஏதும் இன்றி வர நான் ஆயத்தமாக இருக்கிறேன் என்பதை இரு மாவட்ட நூலக அலுவலர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாகவே தெரிவித்துக்கொள்கிறேன்.

போகிக்கு முன்னால் பரணைச் சுத்தம் செய்யும் சவுண்ட் சர்வீஸ் குடும்பத்தார் இதைப் படித்தால், கறுப்புத் தட்டுகள் உள்ள பெட்டியை மட்டும் தெருவில் வைக்காமல் ஒரு வாரம் திண்ணையில் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கிளை நூலகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.